அப்பாவுக்கு ஒரு தூண்டில்

அப்பா டாலஸ் விமான நிலையத்தில் வீல்சேரில் வந்து இறங்கினார். அதைப் பார்த்து எனக்குப் பதற்றம் ஒன்றும் வரவில்லை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களுக்கு நாங்கள் எல்லோருமே வீல்சேர் போட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறோம். இங்கிலீஷ் பேச வராவிட்டாலும் தள்ளிக்கொண்டு வருபவர் இமிக்ரேஷன் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அப்பாவும் அதற்காகத்தான் உட்கார்ந்து வருகிறார் என்று நினைத்துக் கையசைத்தேன்.

கிட்டே வந்தபிறகுதான் அவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவதுபோல.

"எப்போலேர்ந்துப்பா இது?"

"ஒரு வருஷமா இருக்கு. உங்கம்மா போறதுக்கு முன்னாடியே லேசா ஆரம்பிச்சிடுச்சு."

திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்குத் தெரியும். நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான். பார்க்கின்சன் என்று பெயர் வைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னது அப்பா. வீடியோ காலில் அவர் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு பேசுவார். அதை மரியாதையான ஒரு தோரணை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் அவரே சொன்னார். "சும்மா வெச்சிருந்தாதான்டா ஆடும். எதையாவது பிடிச்சா நின்னுடும்." சொல்லிவிட்டு சீட் பெல்ட்டைப் பிடித்துக் காட்டினார். உண்மையிலேயே நின்றது.

அவர் 45 வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர்.

*

வார நாட்களில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகர் வீடு. வாசலில் நின்றால் ஒரு மனிதரும் நடந்து போகமாட்டார். மூன்றாவது நாள் நான் வீடு திரும்பியபோது அப்பா கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் என்னுடைய தூண்டில் கோல்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

"இத்தனை எதுக்குடா? மீன் ஒண்ணுதானே?"

நியாயமான கேள்வி. அப்பா பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். அவருக்குத் தெரிந்த தூண்டில் ஒரு மூங்கில் குச்சி, அதில் கட்டிய நரம்பு, நெட்டியில் சீவிய தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. அதில் கெண்டையும் வரும், கெளுத்தியும் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் விரால். எனக்கோ ஒரே ஒரு மீனைப் பிடிக்க ஐந்து கோல்கள், ஐந்து ரீல்கள், மூன்று விதமான நரம்பு.

அந்த மீன் லார்ஜ்மவுத் பாஸ். மூன்று வருடங்களாக என் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்ட மீன். விரால் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உருவத்தில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, குணத்தில் சொந்தக்காரர்கள். இரண்டும் துரத்திப் போய் வேட்டையாடுவதைவிட மறைந்திருந்து தாக்குவதையே விரும்பும். பாசி, மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல், இப்படி ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும். வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். வசந்தத்தில் ஆண் பாஸ் கரையோரத்தில் வாலால் குழி பறித்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும்.

பெயர் மட்டும் தப்பு. பாஸ் என்று சொன்னாலும் இது உண்மையான பாஸ் இனம் இல்லை, சன்ஃபிஷ் குடும்பம். அறிவியல் பெயரும் அப்படித்தான். 1802ல் லாசெபேத் என்ற பிரெஞ்சுக்காரர் இதன் நெருங்கிய சொந்தமான ஸ்மால்மவுத் பாஸின் மாதிரி ஒன்றைப் பார்த்து 'மைக்ராப்டெரஸ்' என்று பெயர் வைத்தார். சின்னத் துடுப்பு என்று அர்த்தம். அவர் கையில் கிடைத்த மீனின் முதுகுத் துடுப்பு பின்பக்கம் பிய்ந்துபோயிருந்தது. பிய்ந்த துண்டைத் தனியான ஒரு சிறு துடுப்பு என்று நினைத்துவிட்டார். ஒரு காயம்பட்ட மீனை வைத்து இனம் முழுவதற்கும் பெயர் வைத்தாகிவிட்டது. 200 வருடங்களுக்கு மேல் ஆகியும் அதுதான் பெயர்.

*

முதல் தடவை தூண்டில் வாங்கப் போனபோது கடையில் அந்த வரிசையின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தவன் நான். பிறகு, என்னோடு வேலை பார்த்த கிழக்கு டெக்சாஸ்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். கடையில் இருப்பதைப் பார்த்து வாங்காதே, தண்ணீரைப் பார்த்து வாங்கு என்றார். நாம் கோலிலிருந்து ஆரம்பிக்கிறோம். அவர் மறுமுனையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். எந்த இடத்தில் மீன் இருக்கிறது, அங்கே எதை எறியப்போகிறாய், அதை எந்த நரம்பு தாங்கும், அந்த நரம்புக்கு எந்தக் கோல், கடைசியாக ரீல்.

கோலில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். பவர், ஆக்‌ஷன். ரொம்ப நாள் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று போகும். ஆக்‌ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது. 'ஃபாஸ்ட்' என்றால் நுனி மட்டும் வளையும். 'மாடரேட்' என்றால் நடு வரைக்கும் வளையும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிளாஸ்டிக் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் ரிக் என்ற முறையில் முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். அப்போதுதான் அது மரக்கிளையிலும் பாசியிலும் மாட்டாமல் ஊர்ந்து வரும். மீன் கடித்ததும் அந்த ஒற்றை முள் பிளாஸ்டிக்கைத் துளைத்து, அதன்பிறகு கெட்டியான தாடையையும் துளைக்க வேண்டும். அதற்கு விறைப்பான கோல் வேண்டும், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். இதுவே 'கிராங்க்பெயிட்' என்ற மீன் வடிவத் தூண்டில் என்றால் அதில் மூன்று கொக்கி உள்ள சின்ன முட்கள் தொங்கும். அவை மெல்லியவை, மேலாகத்தான் குத்தும். அங்கே விறைப்பான கோலால் இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். வளைந்து கொடுக்கும் கோல்தான் அதற்குச் சரி. ஒரு கோலை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் செய்யலாம், இரண்டையும் அரைகுறையாக.

நரம்பிலும் இப்படித்தான். நைலான் இழுபடும், மலிவானது, தப்பை மன்னிக்கும். 1930களில் டூபாண்ட் கம்பெனியில் பிறந்த அதே நைலான். ஃபுளோரோகார்பன் தண்ணீரில் மூழ்கும். ஒளி அதற்குள் விலகும் அளவு தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் மீன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெளிந்த நீருக்கு அது. மூன்றாவது, பின்னல் நரம்பு. சடைபோலப் பின்னிய இழை. கொஞ்சம்கூட இழுபடாது, மிதக்கும், பாசியை அறுத்துக்கொண்டு வரும். 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பின் தடிமன் 8 பவுண்டு நைலான் அளவுதான் இருக்கும். எதில் முடிச்சுப் போட்டாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உரசலில் வரும் சூட்டிலேயே முடிச்சு பலம் இழந்துவிடும்.

இதையெல்லாம் நான் அப்பாவுக்கு உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிச்சை நனைக்கும் விஷயத்தில் மட்டும் தலையாட்டினார். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"சரி, பிடிச்ச மீனை என்ன பண்ணுவே?"

"விட்டுருவேன்பா."

"விட்டுருவியா?"

1972ல் ரே ஸ்காட் என்பவர் தன் பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட வேண்டும் என்று ஆரம்பித்து வைத்ததையும், அது எப்படி இந்த விளையாட்டின் தர்மமாகவே ஆகிவிட்டது என்பதையும் சொன்னேன். அப்பா கராஜ் சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒருமுறை பார்த்தார். விலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

*

ரீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ் பிடிப்பவர்களின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளை அசையாது. நரம்பு அதன் விளிம்பில் வளையம் வளையமாகக் கழன்று போகும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற நூற்பாலை முதலாளி 1905ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பாபினிலிருந்து நூல் உருவிக்கொண்டு போவதை ஆலையில் பார்த்தவருக்குத் தோன்றிய யோசனை. லேசான தூண்டில்களை எறிய இதுதான் நல்லது. புதிதாக ஆரம்பிப்பவருக்கும் இதையே சொல்வேன்.

பெயிட்காஸ்டர் வேறு ஜாதி. எறியும்போது உருளையே சுழலும். கனமான தூண்டில், தடித்த நரம்பு, குறி பார்த்து எறிதல், எல்லாவற்றுக்கும் இதுதான். ஆனால் தூண்டில் காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுழன்றால் வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே சிக்கிப் பந்தாகிவிடும். குருவிக்கூடு என்பார்கள். அதைத் தடுக்க காந்த பிரேக் உண்டு, சுழற்சியில் விரிந்து உரசும் பிரேக் உண்டு, பக்கவாட்டில் இறுக்கும் திருகு உண்டு. தூண்டிலைத் தொங்கவிட்டால் அது மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் உருளை நிற்க வேண்டும். அந்த அளவுக்குத் திருகை வைக்கச் சொல்வார்கள். இவ்வளவு இருந்தும் கடைசி பிரேக் கட்டைவிரல்தான். உருளை மேல் விரலை இறகுபோல வைத்திருந்து, தூண்டில் தண்ணீரைத் தொடும் நொடியில் அழுத்த வேண்டும். எனக்கு அது பழக ஒரு கோடைக்காலம் ஆனது.

அந்தக் கோடையில் சிக்கெடுத்துக்கொண்டே ரீலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பற்சக்கரம் வைத்த ரீலை முதலில் செய்தவர்களில் ஒருவர் கென்டக்கியில் பாரிஸ் என்ற ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்னைடர். அவர் கடிகாரம் செய்பவர், வெள்ளிப் பட்டறைக்காரர். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்ற வேண்டும். அதற்கான சின்னச் சின்னப் பற்சக்கரங்களை அறுக்க ஊரில் வேறு யாருக்குக் கை வரும்? அவருக்குப் பின் கென்டக்கியில் பேர்போன ரீல்கள் செய்த மீக் சகோதரர்களும் அதே தொழில்தான். ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921ல் தொடங்கிய ஆபு கம்பெனியின் முழுப்பெயரிலேயே கடிகாரத் தொழிற்சாலை என்று இருக்கிறது. கடிகாரமும் டாக்ஸி மீட்டரும் செய்தவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரீலுக்கு மாறினார்கள். அவர்களுடைய 'அம்பாசடர்' ரீல் இங்கே வழிபடப்படுகிற பொருள்.

இதையெல்லாம் படித்தபோது அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடிகாரத்தைப் பற்றி நானும் அப்பாவும் பேசுவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன.

*

கும்பகோணத்தில் அப்பாவின் கடை ஆறடிக்கு நாலடி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல். சாவி கொடுக்கும் எச்எம்டி ஜனதா, பைலட் வாட்ச்களின் காலத்தில் அந்த ஆறடியில்தான் எங்கள் குடும்பம் நடந்தது. டைட்டன் வந்தது, குவார்ட்ஸ் வந்தது. பழுது பார்ப்பது போய் பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் மாற்றுவதும் தொழிலாக ஆனது. பிறகு எல்லோர் கையிலும் செல்போன்.

2012ல் நான் மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கடைக்காரர் வாடகையை ஏற்றியிருந்தார். அப்பாவின் வருமானம் வாடகைக்கே பத்தவில்லை. "மாசாமாசம் நான் அனுப்பறேன்ல? எதுக்குப்பா அங்கே போய் உட்கார்ந்துக்கிட்டு? மூடிடுங்க" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அமெரிக்காவில் வேலை பார்ப்பவனின் அப்பா ஆறடிக் கடையில் பேட்டரி மாற்றுகிறார் என்பதில் எனக்கு இருந்த கூச்சம் அந்த அக்கறைக்குள் எவ்வளவு இருந்தது என்று இப்போதும் பிரித்துப் பார்க்க வரவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடிய நான்கு நாட்கள்தான் இருந்தன. நானே ஒரு பழைய இரும்புக் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். மேஜை, கையளவு லேத், ஸ்குரூ டிரைவர் செட், ஹேர்ஸ்பிரிங்கும் பேலன்ஸ் வீலும் பிரித்துப் பிரித்துப் போட்டு வைத்திருந்த தகர டப்பாக்கள், எல்லாம் ஒன்றாக 3,400 ரூபாய்க்குப் போனது. டப்பாக்களைத் தராசில் போட்டு எடை பார்த்தார்கள். அப்பா எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி அந்தப் பணத்தில் குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டோம். அப்பா ரெண்டு இட்லி சாப்பிட்டார்.

*

அவர் வந்த இரண்டாவது வாரம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறை விளக்கு எரிந்தது. மேஜையில் வெள்ளை பேப்பர் விரித்து அப்பா உட்கார்ந்திருந்தார். பேப்பரில் என் பெயிட்காஸ்டர் ரீல் துண்டு துண்டாகக் கிடந்தது.

ஒரு நொடி வயிற்றில் பிசைந்தது. அந்த ரீல் 250 டாலர். போன மாதம் கரையில் மணலில் விழுந்ததிலிருந்து சுற்றும்போது கரகரவென்று சத்தம். கடைக்கு அனுப்ப வேண்டும் என்று கராஜில் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

"தூக்கம் வரல. சத்தம் கேட்டுச்சு, அதான் என்னன்னு பார்த்தேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

பாகங்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக இருந்தன. கைப்பிடியின் நட்டு, இழுவையைக் கட்டுப்படுத்தும் வட்டத் தட்டுகள், பெரிய பற்சக்கரம், சின்னப் பற்சக்கரம், நரம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சீராகப் பரப்பும் மரைத்தண்டு. பேரிங்குகள் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். கடையிலும் அப்படித்தான், தூசி படாமல் இருக்க. மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்யும் சின்ன ஸ்குரூ டிரைவரை எங்கிருந்தோ கண்டுபிடித்திருந்தார். இன்னொரு கையில் இருந்தது என் மனைவி புருவம் திருத்தும் ட்வீசர்.

வலது கண்ணில் அவருடைய ஐ கிளாஸ் இருந்தது. ஓரம் தேய்ந்த அந்தக் கறுப்புக் குப்பி.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்திருக்க வேண்டும். "இது அன்னிக்கு சட்டைப் பையில இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எதிரே உட்கார்ந்தேன். மேஜையில் சும்மா கிடக்கும்போது அவர் கை உருட்டிக்கொண்டே இருந்தது. ட்வீசரை எடுத்ததும் நின்றது. ஆனால் பழைய வேகம் இல்லை. மரைத்தண்டின் பள்ளத்திலிருந்து ஒரு மணல் துகளை எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. நடுவில் கை தானாகவே நின்றுவிடும். அது மறுபடி நகரும்வரை அவர் காத்திருப்பார். அவசரப்படுத்தவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. வேறு யாரோ ஒருவருடைய கைக்காகக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

"எண்ணெய் ஜாஸ்தி விட்டிருக்கே."

"அப்பப்போ விடணும்னு போட்டிருந்தான்பா."

"ஒரு சொட்டு போதும். அதுவும் இந்த பேரிங்குக்குத்தான். பல்லுக்கு கிரீஸ். நீ எல்லாத்துலயும் ஊத்தியிருக்கே. எண்ணெய்தான்டா மணலைப் பிடிச்சு வெச்சுக்குது. எண்ணெய் இல்லாம நின்ன வாட்சைவிட எண்ணெய் ஜாஸ்தியாகி நின்ன வாட்ச்தான் நான் நிறைய பார்த்திருக்கேன்."

"அப்பா, அந்தக் கடைச் சாமானெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த லைட்டை கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்றார்.

திருப்பினேன். விடியற்காலை நாலரைக்கு ரீலை மூடிக் கையில் கொடுத்தார். கைப்பிடியை ஒரு சுண்டு சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றி, தானாக நின்றது.

*

சனிக்கிழமை அவரையும் ஏரிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. முதலில் வீட்டுக்குப் பின்னால் புல்லில் என் பெயிட்காஸ்டரையே கொடுத்துப் பார்த்தேன். அவர் கழுவித் துடைத்து மூடிய ரீல்தான் அது. முள் இல்லாமல் ஒரு ஈயக்குண்டு மட்டும் கட்டியிருந்தேன். வீசினார். கட்டைவிரல் அரை நொடி தாமதமாக இறங்கியது. குருவிக்கூடு. மறுபடி வீசினார், மறுபடி குருவிக்கூடு. மூன்றாவது தடவை அவரே கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "விரலுக்கு நான் சொல்றது லேட்டாப் போய்ச் சேருது" என்றார், சாதாரணமாக.

ஸ்பின்னிங் ரீலில் நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டி, கம்பி வளையத்தைத் திறந்து, சரியான நேரத்தில் விரலை எடுக்க வேண்டும். அதுவும் அவருக்குச் சரிப்படவில்லை.

அப்போதுதான் ஜெப்கோ நினைவுக்கு வந்தது. பாஸ் பிடிப்பவர்கள் மதிக்காத ரீல் அது. குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பது. முன்பக்கம் கூம்புபோல மூடியிருக்கும், பின்னால் ஒரே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீசும்போது விட வேண்டும். உள்ளே உருளை சுழலாது என்பதால் குருவிக்கூடு கட்டாது. தாமதமாக விட்டால் தூண்டில் கிட்டே விழும், அவ்வளவுதான்.

அதன் கதையும் எனக்குத் தெரியும். ஆர்.டி. ஹல் என்பவர் மேற்கு டெக்சாஸில் ரோட்டன் என்ற சிற்றூர்க்காரர். பெயிட்காஸ்டரின் சிக்கல்களால் வெறுத்துப்போயிருந்தவர் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் சணல், அசையாத உருண்டையிலிருந்து எளிதாக உருவிக்கொண்டு வருவதைப் பார்த்து இந்த ரீலை யோசித்தார். 1947ல் அதை எடுத்துக்கொண்டு ஓக்லஹோமாவில் டல்சா நகரத்தில் ஒரு கம்பெனிக்குப் போனார். எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரம் வைத்து வெடிக்கும் குண்டு செய்யும் 'ஸீரோ ஹவர் பாம் கம்பெனி'. அந்தப் பெயரின் எழுத்துகளைச் சுருக்கியதுதான் ஜெப்கோ. 1954ல் வந்த அவர்களுடைய 33ஆம் எண் ரீல் இன்றும் விற்கிறது.

ஹல் என்ன தொழில் செய்தவர் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வாட்ச் ரிப்பேர்.

கடையில் என் பழைய வழிமுறையைத் தலைகீழாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. தண்ணீரிலிருந்து ஆரம்பிக்காமல் கையிலிருந்து ஆரம்பித்தேன். ஜெப்கோ 33, அதில் சுற்றியே வரும் 10 பவுண்டு நைலான். இழுபடும் நரம்பு, தாமதத்தை மன்னிக்கும். அதற்கு ஆறடி ஃபைபர்கிளாஸ் கோல், மீடியம். நான் வழக்கமாக வாங்கும் ஏழடி விறைப்புக் கோல் கொடுத்தால் அவருடைய மணிக்கட்டுக்குப் பாரம். கோலும் ரீலும் சேர்த்து என் ஒரு ரீலின் விலையில் கால் பங்குகூட இல்லை. பில் போட்ட பையன், குழந்தைக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அப்பாவுக்கு என்றேன்.

காரில் வைத்தே அப்பா அந்த ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹல்லின் கதையைச் சொன்னேன். ஸ்னைடரை, மீக் சகோதரர்களை, ஸ்வீடன் தொழிற்சாலையை, எல்லாம் சொன்னேன். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு சிக்னலுக்கும் இன்னொரு சிக்னலுக்கும் நடுவே கொட்டினேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "பின்னே, வேற யாரு பண்ணுவா?" என்றார்.

*

ரே ராபர்ட்ஸ் ஏரிக்கு வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். 1980களில் அணை கட்டி உருவாக்கிய ஏரி. டெக்சாஸில் பெரிய ஏரிகள் பெரும்பாலும் இப்படி அணை போட்டு வந்தவைதான். முழுகிய காடு இன்னும் தண்ணீருக்குள் நிற்கிறது, பட்டுப்போன மரங்களின் தலைகள் மட்டும் வெளியே தெரியும். பாஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாக்களைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதக் காலை. மடக்கு நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, ஊதா நிறப் பிளாஸ்டிக் புழுவை முள்ளில் கோத்துக் கொடுத்தேன்.

"பிளாஸ்டிக்கா? மீனை இவ்வளவு ஏமாளின்னா நினைச்சிட்டானுங்க?"

நிக் கிரீம் என்பவர் 1949 வாக்கில் ஒஹையோவில் தன் வீட்டு அடுப்படியில் பிளாஸ்டிக்கை உருக்கிப் புழு வார்த்ததையும், பிறகு கம்பெனியை இங்கே பக்கத்தில் டைலருக்கே கொண்டுவந்ததையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வீசிவிட்டார். தூண்டில் காலடியில் பொத்தென்று விழுந்தது. அடுத்தது வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு அவர் ஒன்று கண்டுபிடித்தார். விரலுக்குச் சொல்வது தாமதமாகப் போகிறது என்றால், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோல் தோளுக்கு மேலே இருக்கும்போதே விட ஆரம்பித்தார். புழு பதினைந்து கெஜம் போய், ஒரு பட்ட மரத்தின் பக்கத்தில் விழுந்தது.

பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அந்த லேத்து மட்டுமே ஏழாயிரம் போகும்டா" என்றார் அப்பா.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"ஸ்விஸ் லேத்து. மெட்ராஸ்ல வாங்கினது, நீ பொறந்த வருஷம். அந்த இரும்புக் கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீதான் அவசரத்துல இருந்தியே."

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் கஷ்டமாக இருந்தது. மன்னிப்பு கேட்பதற்கான வார்த்தைகளை நான் தேடிக்கொண்டிருந்தபோது அவருடைய கோலின் நுனி இரண்டு தடவை தட்டியது. "அப்பா, இழுங்க!" என்று கத்தினேன். அவர் இழுக்கவில்லை. நரம்பு பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு இரண்டு கையாலும் கோலைத் தூக்கினார். ஃபைபர்கிளாஸ் கோல் கைப்பிடிவரை வளைந்தது. மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழும்பித் தலையை உதறியது. சுற்றுவதற்கு அவர் கை திணறியது, நடுவே ஒருமுறை நின்றும்போனது. எட்டிப் பிடிக்கப் போனேன். "கிட்ட வராதே" என்றார். நின்ற இடத்திலேயே நின்றேன்.

கரைக்கு வந்ததும் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி அளந்தேன். 15 அங்குலம். இங்கே 14க்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் எடுத்துப் போனதே இல்லை. பழக்கத்தில் தண்ணீரை நோக்கிக் குனிந்தேன்.

"அது நான் பிடிச்ச மீன்" என்றார் அப்பா.

உலகத்திலேயே பெரிய பாஸைப் பிடித்தவர்களில் முதல் ஆள் ஜார்ஜ் பெர்ரி, ஜார்ஜியாவில் ஒரு விவசாயி, அப்போது 20 வயது. 1932 ஜூன் 2ஆம் தேதி, மழையால் வயல் வேலை நடக்காததால் நண்பரோடு மீன் பிடிக்கப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல்தான் என்பார்கள். 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009ல் ஜப்பானில் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன்தான் அதைச் சமன் செய்தது. பெர்ரி அந்த மீனைப் பாடம் பண்ணி வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பம் சாப்பிட்டது. என் பொருட்களையும் என் தர்மங்களையும் கராஜில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த எனக்கு அன்று அவர் ஞாபகம்தான் வந்தது. மீனை ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

மனைவி புளிக்குழம்பு வைத்தாள். அப்பா வால் துண்டை என் தட்டில் போட்டார். "சேத்து வாசம் இல்ல. விரால் அளவுக்கு வராது, பரவாயில்ல" என்றார்.

*

அவர் ஊர் திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. திருச்சியில் அக்காவோடு இருக்கிறார். நடுக்கம் இடது கைக்கும் வந்துவிட்டது. எதையாவது பிடித்தால் நிற்கும் என்பதும் இப்போது எப்போதும் உண்மையில்லை. நான் மன்னிப்பு கேட்கவில்லை. போனில் கேட்கும் விஷயமாகவும் அது இல்லை.

போகும்போது ஜெப்கோ ரீலைக் கோலிலிருந்து கழற்றிப் பெட்டியில் வேட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு போனார். திருச்சியில் காவிரி பக்கம்தான், கோல் வாங்கிக் கொடுக்கவா என்று அக்கா கேட்டாளாம். வேண்டாம் என்றுவிட்டார். காலையில் காபி குடித்ததும் ஜன்னலோரம் மேஜையில் வெள்ளை பேப்பரை விரித்து, கண்ணில் ஐ கிளாஸை மாட்டிக்கொண்டு, அந்த ரீலைக் கழற்றுகிறார். துடைக்கிறார். கழற்றிய வரிசையிலேயே மறுபடி மாட்டுகிறார். மூடி முடிக்க மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது என்று அக்கா சொன்னாள். முதலில் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தாராம்.